அம்மம்மாவின் குரலைப் பதிகிறேன்: ஓடாசிட்டியில் எங்கே தொடங்குவது?

#1 முற்றத்து வேம்பு (கொக்குவில்)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடைய அம்மம்மாவுக்கு 84 வயது. ஊஞ்சல் பாட்டு, தாலாட்டு, மாரி காலத்தில் எங்களைச் சுற்றி இருத்தி வைத்துச் சொன்ன கதைகள், ஒடியற்கூழுக்கு எதை எப்போது போடுவது என்பது வரை எல்லாம் அவரின் வாயில்தான் இருக்கிறது. வீட்டில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இந்த வருடம் அவருக்கு மூச்சு கொஞ்சம் குறைந்துவிட்டது. அதனால் இனித் தள்ளிப்போட முடியாது.

போன கிழமை போனில் 20 நிமிடம் பதிந்தேன். மேலே ஃபான் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது கேட்கவே இல்லை. லப்டொப்பில் போட்டுக் கேட்டால் அது மட்டும்தான் கேட்கிறது. இலவசம் என்பதால் ஓடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளை இறக்கி, ஒரு வீடியோவைப் பார்த்து, இரைச்சலைக் குறைக்கிற ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ போட்டேன். முதல் அளவு போதவில்லை என்று கம்பியைக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டேன். ஃபான் போய்விட்டது. ஆனால் அம்மம்மா கிணற்றுக்குள் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கிறது. அப்படியே சேவ் பண்ணி மூடியும் விட்டேன்.

அதைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறதா? புதிதாக ஒரு மைக் வாங்க வேண்டுமா? எந்த இடத்தில் இருந்து படிக்கத் தொடங்க வேண்டும்?

#2 ஒலிப்பெட்டி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லுங்கள். போனில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதைத் தொடாதீர்கள். மூடித் திறந்த பிறகு ஓடாசிட்டியில் கன்ட்ரோல் இசட் (செய்ததைத் திருப்புகிற பொத்தான்) வேலை செய்யாது. திறந்திருக்கும்போது எத்தனை படி வேண்டுமானாலும் பின்னுக்குப் போகலாம். மூடினால் அந்த நினைவு போய்விடும்.

#3 முற்றத்து வேம்பு

இருக்கிறது அண்ணை! இப்போதே பார்த்துவிட்டேன். 20 நிமிடமும் அப்படியே இருக்கிறது.

#4 ஒலிப்பெட்டி

நல்லது. இனி ஆறுதலாகக் கதைப்போம்.

நான் கலியாண வீட்டு வீடியோக்களுக்கும் பள்ளிக்கூட நாடகங்களுக்கும் பல வருடமாக ஒலி வெட்டி ஒட்டுகிறேன். ஓடாசிட்டி நல்ல மென்பொருள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய வேலை அது. 2000இல் வெளியில் வந்தது. விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் எந்த மென்பொருளாலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. பதியும்போது குரலோடு கலந்துவிட்ட சத்தத்தை, குரலுக்குக் காயம் வராமல் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

உங்கள் பதிவுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீங்கள் காட்டிய ஃபான் சத்தம் எந்தெந்த அலைவரிசையில் இருக்கிறது என்று ஓடாசிட்டி படித்துக்கொள்கிறது. பிறகு பதிவு முழுவதும் போய், அந்த அலைவரிசைகளில் குரல் மெலிந்திருக்கும் இடமெல்லாம் ஒலியைக் கீழே அமுக்குகிறது. ஃபானின் ‘உஸ்’ சத்தமும் நாங்கள் ‘ச’, ‘ஷ’ சொல்லும்போது பல்லுக்கிடையில் போகும் காற்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கின்றன. கூட அமுக்கினால் இரண்டும் சேர்ந்து போகும். கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி உங்களுக்குக் கேட்டது அதுதான்.

ஆகவே முதல் வேலை லப்டொப்பில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஃபானை நிற்பாட்டுங்கள். பிரிட்ஜ் பக்கத்து அறையில் என்றால் பதியும் நேரத்துக்கு மட்டும் அதையும் நிற்பாட்டுங்கள் (பிறகு போட மறக்க வேண்டாம்). எங்கள் வீடுகளில் சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும். விறாந்தையிலோ ஹோலிலோ கதைத்தால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்த எதிரொலியை எந்தப் பொத்தானாலும் முழுதாக எடுக்க முடியாது. துணி அலுமாரியும் மெத்தையும் இருக்கிற சின்ன அறைதான் நல்லது. நெல் மூட்டை அடுக்கின அறை இருந்தால் அதைவிட நல்ல ஸ்டூடியோ யாழ்ப்பாணத்தில் கிடைக்காது.

மைக் இப்போது வாங்க வேண்டாம். போனையே அம்மம்மாவின் வாயில் இருந்து ஒரு சாண், நேரே பிடிக்காமல் கன்னப்பக்கமாகச் சரித்து வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதித் ‘தப் தப்’ என்று அடிக்கும். கையில் பிடிக்க வேண்டாம், மடித்த துவாயின் மேல் வையுங்கள். ஃப்ளைட் மோடில் போடுங்கள். தொடங்க முன் எல்லோரும் வாய் திறக்காமல் பத்து நொடி அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். நொய்ஸ் ரிடக்‌ஷனுக்குக் காட்டுவதற்கு அந்தப் பத்து நொடிதான் வேண்டும்.

லப்டொப்பில் நேரே பதிவதென்றால் மேலே உள்ள அளவுமானியைப் பாருங்கள். அம்மம்மாவிடம் பாட்டின் உச்ச அடியை முதலில் ஒருமுறை பாடச் சொல்லி, அது மைனஸ் 12இல் இருந்து மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்கிற மாதிரி மைக்கின் அளவைக் குறையுங்கள். 0ஐத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். வெட்டுப்பட்டதைச் சரியாக ஒட்ட வராது.

#5 நெய்தல் (குருநகர்)

அக்கா, நான் போனிலேயேதான் வேலை செய்கிறேன். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை அப்பப்பாவிடம் கேட்டுப் பதிந்தேன். நான் விட்ட பிழைகளைச் சொல்கிறேன், நீங்கள் விட வேண்டாம்.

கடற்கரையில் நின்று பதிந்தேன். காற்று எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அடுத்த முறை தடித்த காலுறை ஒன்றைப் போனின் அடிப்பக்கத்தில் மாட்டினேன், பாதிக் காற்று குறைந்தது. பிறகு அதை அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினேன். அது ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். ‘டொக்கியுமெண்ட்’ என்று தெரிவு செய்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் விளங்கும்.

இன்னொன்று. போனில் பதிந்தது எம்4ஏ என்ற வகை ஃபைலாக இருந்தால் ஓடாசிட்டி திறக்க மறுக்கலாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசத் துணை மென்பொருளையும் நிறுவினால் திறக்கும். போனில் வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) ஆகப் பதிகிற வசதி இருந்தால் அந்த வில்லங்கமே இல்லை.

#6 முற்றத்து வேம்பு

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை நாலரைக்கு எழும்பிப் பதிந்தோம். பாண் (ரொட்டி) விற்கிற வண்டியின் பாட்டு வர முன், காகம் எழும்ப முன். அம்மம்மாவுக்கு அது பழகின நேரம்தான், எனக்குத்தான் கஷ்டம். அலுமாரி அறையில் பாயை விரித்து, கட்டில் விரிப்பை யன்னலில் தொங்கவிட்டோம். ஃபான் இல்லாமல் வியர்த்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பாட்டி விசிறிக் கொடுத்தேன்.

வித்தியாசத்தை நம்ப முடியவில்லை. ‘ழ’ சொல்லும்போது நாக்கு மடிவதுகூடக் கேட்கிறது.

ஆனால் புதுப் பிரச்சினை. அம்மம்மா கதை சொல்லும்போது கை சும்மா இராது, பாக்கு வெட்டிக்கொண்டே இருப்பார். பாக்குவெட்டி மூடுகிற ஒவ்வொரு தரமும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஓடாசிட்டியில் பார்த்தால் குரல் சின்ன மேடு மாதிரி, நடுநடுவே பனை மாதிரி ஒற்றைக் கோடு எழும்பி நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், 41 இருக்கிறது. இவற்றை எப்படி எடுப்பது?

#7 நெய்தல்

ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி (கன்ட்ரோல் 1), அந்தக் கோட்டை மட்டும் இழுத்துத் தெரிவு செய்து கன்ட்ரோல் எல் அடியுங்கள் அக்கா, அந்த இடம் மௌனமாகிவிடும். டிலீட் பண்ணினால் நேரம் சுருங்கும், பேச்சு தடக்குப்படும். 41தானே, ஒரு மணித்தியால வேலை.

#8 சைக்கிள் டைனமோ (பருத்தித்துறை)

பிள்ளை, அவசரப்படாதே. அதை எடுக்காதே.

நான் வயது போனவன், உங்கள் மென்பொருள் விபரம் குறைவாகத்தான் தெரியும். ஆனால் என்னுடைய அம்மாவின் குரல் என்னிடம் இல்லை. பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவ உரலில் மா இடிக்கிற சத்தம் ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். உன்னுடைய பிள்ளைகளுக்குப் பாக்குவெட்டி என்றால் என்னவென்றே தெரியப்போவதில்லை. அந்த 41 தரமும் உன் அம்மம்மா அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி.

#9 நெய்தல்

ஐயா சொல்வது விளங்குகிறது. ஆனால் ஹெட்போனில் கேட்கிறவருக்கு அந்த ‘டிங்’ காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்குமே. கேட்க முடியாமல் மூடி வைத்தால் அதில் என்ன பயன்?

#10 ஒலிப்பெட்டி

இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டையும் செய்யலாம், அதற்கு ஒரு பழக்கம் வேண்டும்.

போனில் இருந்து வந்த ஃபைலை ‘மூலம்’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டுங்கள். அதை ஒருநாளும் திருத்துவதில்லை. ஓடாசிட்டியில் திறந்தவுடன் வேறு பெயரில் ‘சேவ் புரொஜெக்ட்’ கொடுங்கள். அது ஏயுபி3 என்று முடிகிற ஃபைல், சாதாரண பிளேயரில் அது திறக்காது. புதிதாக வருபவர்கள் அதை மாமாவுக்கு அனுப்பிவிட்டு, அவரால் கேட்க முடியவில்லை என்று தவிப்பார்கள். மற்றவர்கள் கேட்க வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’ கொடுக்க வேண்டும். வைத்திருக்க வேவ், அனுப்ப எம்பி3. 44,100 ஹேர்ட்ஸ், மோனோ (ஒற்றைத் தடம்), 16 பிட் வேவ் என்றால் நிமிடத்துக்கு 5 எம்பிக்குக் கொஞ்சம் மேல், ஒரு மணித்தியாலம் 320 எம்பிக்குள் அடங்கும். அதே ஒரு மணித்தியாலம் 64 கிலோபிட் எம்பி3இல் 29 எம்பிதான். ஒரு ஆளின் குரல்தானே, ஸ்டீரியோ தேவையில்லை.

கேட்பதற்கான பிரதியில் பாக்குவெட்டியை அழிக்க வேண்டாம், தணியுங்கள். கோட்டைத் தெரிவு செய்து ‘அம்ப்ளிஃபை’ போய் மைனஸ் 12 கொடுங்கள். சத்தம் இருக்கும், குத்தாது. கன்ட்ரோல் எல் அடித்தால் அந்த இடத்தில் அறையின் மூச்சும் சேர்ந்து நின்றுபோய், திடீரென்று ஓட்டை விழுந்த மாதிரிக் கேட்கும். தம்பி, உங்கள் அம்பாப் பாட்டையும் ஒருக்கால் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ‘ஹை பாஸ் ஃபில்டர்’ 80 ஹேர்ட்ஸில் ஒருமுறை, அதற்குக் கீழே உள்ள ஒலியை அது குறைக்கும். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அதன் அடி முனகல் அதோடு குறையும், அம்மம்மாவின் குரல் அதற்கு மேலேதான். நொய்ஸ் ரிடக்‌ஷன் கட்டாயம் வேண்டுமானால் 6 டெசிபெல், மிஞ்சினால் 9. கடைசியாக, பதிவின் சத்தத்தை ஒரு பொது அளவுக்குக் கொண்டுவருகிற ‘லவுட்னஸ் நோர்மலைசேஷன்’, மோனோவுக்கு மைனஸ் 19. இவ்வளவுதான். மற்ற எஃபெக்ட் ஒன்றையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம்.

மூச்சு வாங்குகிற இடங்களை வெட்டிச் சுருக்கச் சொல்லி உங்களுக்கு யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். கதையில் அம்மம்மா எங்கே நிற்கிறார் என்பதும் கதைதான்.

#11 பனையோலை (சுன்னாகம்)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஓடாசிட்டி எங்களை வேவு பார்க்கிறது என்று முன்பு எங்கோ வாசித்தேன். பாதுகாப்பானதா? ஓஷன் ஓடியோ என்ற மென்பொருள் இலகு என்றும் சொல்கிறார்கள்.

#12 ஒலிப்பெட்டி

2021இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் ஓடாசிட்டியைப் பொறுப்பெடுத்தபோது வந்த பிரச்சினை அது. பாவனைத் தரவு சேர்க்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு வந்து அதைக் கைவிட்டார்கள். புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலையையும் மென்பொருளின் ‘செட்டிங்ஸ்’க்குள் போய் நிற்பாட்டலாம். உங்கள் பதிவு உங்கள் லப்டொப்பில்தான் இருக்கும். ஓஷன் ஓடியோ இலவசம், உண்மையில் இலகு. ஒரு ஃபைலை வெட்டித் திருத்த அது போதும். அதன் மூலநிரல் (மென்பொருளை எழுதிய குறியீடு) ஓடாசிட்டியினது போல எல்லோரும் பார்க்கத் திறந்ததில்லை, அதுதான் வித்தியாசம். ஓடாசிட்டியைத் தமிழிலும் மாற்றலாம். ஆனால் உதவி தேடும்போது வருவதெல்லாம் ஆங்கிலப் பெயர் என்பதால் தொடக்கத்தில் மாற்றாமல் விடுவது நல்லது.

#13 முற்றத்து வேம்பு

அண்ணை சொன்ன மாதிரியே செய்தேன், மைனஸ் 12. கதையும் கேட்கிறது, பாக்குவெட்டியும் இருக்கிறது. ஐயா, மூலத்தில் ஒன்றும் தொடவில்லை.

இன்னொரு விடயம். மாமா 90களின் தொடக்கத்தில் நோர்வேக்குப் போனவர். அந்த நேரத்தில் அம்மம்மா கடிதத்துக்குப் பதிலாகக் கதைத்துப் பதிந்து அனுப்பிய கசெற் ஒன்றை அவர் கவனமாக வைத்திருந்திருக்கிறார். போன மாதம் வந்தபோது கொண்டு வந்து தந்தார். 60 நிமிடக் கசெற். பக்கத்து வீட்டில் பழைய பிளேயர் ஒன்று இருக்கிறது. போட்டுப் பார்த்தோம், குரல் சின்னப் பிள்ளை மாதிரிக் கீச்சிட்டு ஓடுகிறது. அம்மம்மாவே, “இது நானில்லை, வேற ஆரோ” என்று சொல்லிவிட்டார். கசெற் பழுதாகிவிட்டதா?

#14 சைக்கிள் டைனமோ

பழுதாகவில்லை பிள்ளை. எனக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்தப் போர் நாளில் இங்கே கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. கிடைத்த பற்றரியை வெயிலில் காய வைத்துத் திரும்பத் திரும்பப் பாவித்தோம். நான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவன். என் பெயர் அப்படி வந்ததுதான். இளைத்த பற்றரியில் பதிந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், நாடாவும் மெதுவாக ஓடும். அதை இப்போது நல்ல கரண்டில் சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் விரைந்து, கீச்சிட்டுத்தான் வரும். பிழை கசெற்றில் இல்லை.

திரும்பவும் போட முன் இவற்றைச் செய். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார், இருந்தால் ஓடவிடாதே. ஒருமுறை முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றி இளக்கு. பிளேயரின் தலையை (நாடா உரசுகிற பகுதி) பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்டுத் துடை. துரு நிறத்தில் அழுக்கு வரும், அது வராமல் போகும் வரைக்கும் துடை. இரண்டு பக்கத்தையும், ஒரு பக்கம் 30 நிமிடம், நிற்பாட்டாமல் பதிந்து முடி. வெட்டுவது திருத்துவது எல்லாம் பிறகு. பழைய நாடா எத்தனை தரம் ஓடும் என்று ஒருவரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

லப்டொப்பில் எப்படிப் பொருத்துவது என்று ஒலிப்பெட்டித் தம்பி சொல்லட்டும்.

#15 ஒலிப்பெட்டி

லப்டொப்பில் இருக்கிற ஒற்றைத் துளை ஹெட்போனுக்கும் மைக்குக்குமானது. பிளேயரின் ஹெட்போன் துளையில் இருந்து நேரே கொடுத்தால் பலம் கூடி உடைந்து கேட்கும். ‘லைன் இன்’ (பிளேயரின் ஒலியை வாங்குகிற துளை) உள்ள சின்ன யூஎஸ்பி ஒலி அடப்டர் ஒன்று வேண்டும். பிளேயரின் சத்தத்தைப் பாதியில் வையுங்கள், ஓடாசிட்டியில் மைனஸ் 6ஐத் தாண்டாமல் பாருங்கள்.

வேகத்துக்கு ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ என்ற எஃபெக்ட். ‘சேஞ்ச் பிட்ச்’ வேறு, ‘சேஞ்ச் டெம்போ’ வேறு. முதலாவது சுருதியை மட்டும் மாற்றும், மற்றது வேகத்தை மட்டும் மாற்றும். இங்கே வேகமும் சுருதியும் சேர்ந்து பிழைத்திருக்கின்றன, சேர்ந்துதான் திரும்ப வேண்டும். எத்தனை வீதம் என்பதுதான் கேள்வி. காதால் பிடிக்கலாம், ஆனால் உங்களுக்கு அந்த வயது அம்மம்மாவின் குரல் தெரியாது.

#16 சைக்கிள் டைனமோ

பின்னணியில் ஏதாவது கேட்கிறதா என்று தேடு பிள்ளை. கோயில் மணி, சைக்கிள் மணி, இன்றைக்கும் அப்படியே இருக்கிற ஏதாவது ஒன்று. மனிதர் குரல் வயதோடு மாறும். இரும்பும் வெண்கலமும் மாறாது.

மற்றது, பிரதி எடுத்து வெவ்வேறு இடத்தில் வை. ஒன்று லப்டொப், ஒன்று வெளி வன்தட்டு, ஒன்று நோர்வேயில் மாமாவிடம். யாழ்ப்பாணப் பொது நூலகம் என்ற ஒரே கட்டிடத்தில் இருந்த 97,000 நூல்கள் 1981 ஜூனில் எரிக்கப்பட்டதை இந்த ஊர்ப் பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மம்மா சம்மதித்தால் நூலகம் நிறுவனத்தோடும் கதைத்துப் பார். 2005இல் இருந்து எங்கள் எழுத்துகளை இணையத்தில் சேர்க்கிறார்கள், ஒலிப்பதிவுகளும் வைத்திருக்கிறார்கள்.

#17 முற்றத்து வேம்பு

இரண்டு நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். அடப்டர் வாங்கி, பிளேயரின் தலையைத் துடைத்து, இரண்டு பக்கமும் பதிந்துவிட்டேன்.

ஹெட்போனில் முதல் பக்கத்தை நான்கு தரம் கேட்டேன். மணிச் சத்தம் இல்லை. நாய் குரைக்கிறது, யாரோ கிணற்றில் அள்ளுகிறார்கள். 11ஆவது நிமிடத்தில் மாமாவுக்கு, “சாப்பாட்டைப் பற்றி யோசிக்காதை ராசா, நாங்கள் இருக்கிறதைத் தின்னுறம்” என்று சொல்லிவிட்டு நிற்கிறார். அந்த அமைதிக்குள் ‘டிங்’.

அம்மம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அதே பாக்குவெட்டிதான். அவரின் அம்மா கொடுத்தது, 95இல் போரால் ஊர் இடம்பெயர்ந்தபோதும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாராம்.

அதை வாங்கி அலுமாரி அறையில் வைத்து ஐந்து தரம் மூடிப் பதிந்தேன். ‘அனலைஸ்’ மெனுவில் ‘புளொட் ஸ்பெக்ட்ரம்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தெரிவு செய்து திறந்தால் எந்த அலைவரிசையில் உச்சம் நிற்கிறது என்று காட்டுகிறது. இன்றைய ‘டிங்’ 2,900 ஹேர்ட்ஸ். கசெற்றில் 3,250. ஐந்து இடத்தில் பார்த்தேன், ஏறக்குறைய அதேதான். 2,900ஐ 3,250ஆல் வகுத்தால் 0.892, அதாவது 10.8 வீதம் குறைய வேண்டும். மைனஸ் 10.8 வீதம் என்று கொடுத்து அப்ளை அடித்தேன்.

பிறகு அம்மம்மாவின் காதில் ஹெட்போனை வைத்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. முதல் பக்கம் முடியும் வரைக்கும் பாக்கு வெட்டாமல் இருந்தார். கழற்றிவிட்டு, “மற்றப் பக்கத்தையும் போடு பிள்ளை” என்றார்.

#18 நெய்தல்

அக்கா, அப்பப்பாவின் பதிவில் தண்டு (படகுத் துடுப்பு) வலிக்கிற சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று வெட்டியிருந்தேன். மூலம் போனில் இருக்கிறதா என்று இப்போது தேடிப் பார்த்தேன். இருக்கிறது.